பரிவட்டம் கட்டுன கல்லு

அந்தப் பக்கம் பாக்காதீங்க மேடம். பாத்துட்டீங்களா, சரி, பாத்தது பாத்தாச்சு. கரை மேல வெள்ளக் காருல சாஞ்சு நிக்கிறான்ல, அவன்தான் சிவபிரகாஷு. சேர்மனோட அக்கா மகன். நீங்க காரவிட்டு எறங்குனதுலருந்து போன்ல படம் புடிச்சுக்கிட்டே இருக்கான். நீங்க பாட்டுக்கு என்னையப் பாத்து நடங்க. அப்பப்ப லேசாத் தலைய ஆட்டிக்கங்க, நான் கண்மாயப் பத்தி ஏதோ சொல்றேன்னு நெனச்சுக்குவான்.

இங்கிட்டு வாங்க, இங்கிட்டு. அது சேறு காயாத எடம். பாக்க பாளம் பாளமா வெடிச்சு காஞ்ச மாதிரிதான் இருக்கும், கால வச்சீங்கன்னா முழங்கால் வரைக்கும் இழுத்துரும். இந்த மேட்டுலயே வாங்க. பைய என்கிட்ட குடுங்க. அட குடுங்க மேடம், இந்தப் பை நமக்குப் புதுசில்ல. பேப்பரு, நார் பிரஷ்ஷு, மை ஒத்துற கட்டை, ஒரு பாட்டில் தண்ணி. கண்ணக் கட்டி விட்டாலும் தொட்டே சொல்லிருவேன். இருவது வருசமா சாருக்குத் தூக்குன பைதான.

எந்தச் சாரா? ஆத்மநாதன் சாரு. ஆமா, கோர்ட்டு ஆர்டர்ல ரெண்டு செம்பராயர் இருப்பாங்க, எல்லாருக்கும் அந்தக் கொழப்பம் வரத்தான் செய்யும். ஒருத்தரு ஆத்மநாதன் செம்பராயர். ரிட்டயர்டு வாத்தியாரு, பழைய கல்லுல உள்ள எழுத்தப் படிக்கிறவரு. அவரத்தான் நான் சாருங்கிறேன். இன்னொருத்தரு ஆவுடையப்பன் செம்பராயர். ரெண்டு தடவ யூனியன் சேர்மனா இருந்தாரு, இப்ப எம்மெல்லே சீட்டுக்கு அலையிறாரு. பதவி போனாலும் ஊருக்கு அவரு சேர்மன்தான். ரெண்டு பேரும் சொந்தமான்னு கேட்டா, இல்ல. பங்காளியும் கெடையாது, மாமன் மச்சானும் கெடையாது. பட்டம் மட்டும் ஒண்ணு. கல்லு செம்பராயர், கட்சி செம்பராயர்னு சொன்னாத்தான் இங்க ஆளு வெளங்கும்.

அதுல நடந்த கூத்த சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க மேடம், சிரிச்சா நல்லதுதான், அவன் பாத்துக்கிட்டிருக்கான். முதியோர் பென்சனுக்கு மனு எழுதிக்கிட்டு சனம் நேரா சாரு வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அவரும் நான் அவன் இல்லம்மான்னு சொல்லமாட்டாரு. மனுவ வாங்கி, தப்புத் திருத்தி, அழகா எழுதிக் குடுத்து, பஸ்ஸு நம்பரு சொல்லி அனுப்புவாரு. அங்கிட்டு என்னாச்சுன்னா, திருவரங்குளத்துக்காரன் ஒருத்தன் வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டயில ஒரு கலயம் நெறைய பழைய செப்புக்காசு கெடச்சிருக்கு. செம்பராயர்கிட்டக் குடுத்தா வெவரம் சொல்லுவாருன்னு யாரோ சொல்ல, கொண்டுபோயி சேர்மன் வீட்டுல குடுத்துட்டான். அதுக்கப்பறம் அந்தக் கலயத்த யாரும் பாக்கல. சாரு ஒரு வாரம் சோறு எறங்காமக் கெடந்தாரு.

ராஜா காலத்துலயே இந்தப் பட்டத்துல இப்படி ரெண்டு வகை இருந்துச்சாம். ஒரு செம்பராயரு சமஸ்தானத்துச் சபையில போயி உக்காந்துருப்பாராம். இன்னொருத்தரு மாட்டுவண்டியக் கட்டிக்கிட்டு ஊரு ஊராப் போயி கல்லப் பாத்து நோட்டுல எழுதுவாராம். எங்க பட்டத்துக்கே ரெண்டு கிறுக்குத்தான்யா வெள்ளை, ஒருத்தன் பழைய பேரத் தேடுவான், ஒருத்தன் தன் பேரப் போடுவான்னு சாரு சொல்லுவாரு. என் பேரு வெள்ளைச்சாமி. அவரு மட்டும்தான் வெள்ளைம்பாரு.

அது நெசந்தான். இந்தத் தாலுகாவுல சேர்மன் பேரு இல்லாத செவுரு கெடையாது. பஸ் ஸ்டாப்பு, தண்ணி டேங்கு, நூலகம், சுடுகாட்டுக் கொட்டகை வரைக்கும் கல்லு இருக்கு. அம்புட்டும் என் பட்டறையில செஞ்சது. ஆமா மேடம், அதான் என் தொழிலு. தெறப்பு விழாக் கல்லு செய்யிறது. மந்திரி பேரு எம்புட்டுப் பெருசு, எம்பி பேரு எம்புட்டுப் பெருசு, அதுல சண்டை வந்து கல்ல ஒடச்ச ஊரெல்லாம் இருக்கு. சாரு படிச்சதோ நானூறு கல்லுக்கு மேல. அதுல ஒண்ணுல கூட அவரு பேரு கெடையாது, அவரு பட்டமும் கெடையாது. அது அவரு மனசுல ஒரு முள்ளாவே இருந்துச்சு.

ஏன்னா, சேர்மன் வீட்டுல சொல்லுவாங்க, வாத்தியாருது ஒட்டுப் பட்டம்னு. இவுங்க பாட்டன் காலத்துல தானா சேத்துக்கிட்டதாம். ஒரு கல்யாணப் பந்தியில, சாரு உக்காந்துருக்கயிலயே, அத சொல்லி சிரிச்சாங்க. நானும் அந்தப் பந்தியில இருந்தேன். சாரு எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பாயாசம் அப்பத்தான் ஊத்துனாங்க.

அந்தா தகரக் கொட்டகை தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் கல்லு. அதுக்கு அங்கிட்டு கருவேல மரத்தடியில ஒருத்தரு துண்ட விரிச்சு உக்காந்துருக்காரு பாருங்க. அவருதான் வீரய்யா. கும்புடாதீங்க மேடம், அவரும் கும்புட மாட்டாரு. நீங்க கோர்ட்டு அனுப்பிச்ச ஆளு, உங்ககிட்டப் பேசுனா தப்பாப் போயிரும்னு காலையிலருந்து தள்ளியே இருக்காரு. கேஸ் போட்டது அவரு தம்பி மகன் நிலவழகன்.

அவுங்க வீட்டுக்கு மடக்காரர் வீடுன்னு பேரு. கண்மாய் நெறஞ்சு கெடக்கயில தண்ணிக்குள்ள முங்கி, அடியில இருக்க மடைய அடச்ச கல்லத் தூக்கணும். வயலுக்குத் தண்ணி அப்பத்தான் போகும். இப்ப சட்டரு வச்சாச்சு, அப்ப ஆளுதான். எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளத்துல கரை ஒடையப் போற நேரம், ஊரே கரையில நின்னு அழுகையில, அந்த வீட்டு மனுசன் ஒருத்தரு குதிச்சு மடையத் தெறந்து விட்டிருக்காரு. தண்ணி போச்சு, கரை நின்னுச்சு, அவரு மேல வரல. அதுலருந்து அய்யனாருக்குப் புரவி எடுக்கயில, மண்ணுக் குதுர ஊர்வலம் கெளம்புறதுக்கு முன்னாடி, மொதப் பரிவட்டம் அந்த வீட்டுத் தலைக்குத்தான். அந்தப் பட்டுத்துணிய அவுங்க தலையில கட்டுனதுக்குப் பொறகுதான் மத்த எந்த வீட்டுக்கும், எம்புட்டுப் பெரிய வீடா இருந்தாலும்.

அதுக்கு எழுத்து இருக்கான்னு கேட்டா, எழுத்து இல்ல. வாய்ச்சொல்லுதான். சேர்மனுக்கு அதுதான் தோதாப் போச்சு. எம்மெல்லேவா நிக்கப் போறவன் ஒரு மடக்காரனுக்குப் பின்னாடி நின்னு துணி வாங்குறதான்னு அவருக்கு உறுத்தல். வெளிய சொல்ல முடியுமா? ஓட்டுப் போயிரும். ஆனா கல்லு சொல்லலாம்ல. கல்லு சொன்னா யாரு கேக்க முடியும்.

ஆமா, அந்தக் கல்லுதான். நாலு வருசத்துக்கு முன்னாடி இதே ஆனி மாசம். கண்மாயத் தூரு வாருனாங்க, வேலை எடுத்தது சேர்மன் ஆளுக. பழைய மடைக்குப் பக்கத்துல ஜேசிபி மண்ண அள்ளயில கல்லு வந்துச்சு. எழுத்து இருக்குன்னதும் ஊரே கூடிருச்சு. சேர்மனே கார அனுப்பி சாரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. நாந்தான் கல்லக் கழுவுனேன். சேறு போகப் போக எழுத்துத் தெரியுது. சாரு முட்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுப் படிக்கிறாரு. ஸ்வஸ்தி ஸ்ரீன்னு ஆரம்பிச்சு, பாண்டிய ராசா பேரு, வருசம், அப்பறம் இந்தக் குளத்தக் கல்லி, அதாவது வெட்டி, மடை வச்சவன் செம்பராயன், அவன் வம்சத்தாருக்கே மொத மரியாதைன்னு முடியுது. செம்பராயன்னு படிக்கயில அவரு கொரலு ஒடஞ்சு போச்சு மேடம். அறுவது வயசு மனுசன், அம்புட்டுப் பேரு முன்னாடி, அந்த எழுத்து மேல கைய வச்சுக்கிட்டு அழுதாரு. சேர்மன் அவரத் தூக்கி நிறுத்திக் கட்டிப்புடிச்சு, இனிமே ஒங்க வீடும் எங்க வீடும் ஒண்ணுண்ணேன்னாரு. பந்தியில சிரிச்ச அதே வாயி.

பொறகு சாரு பைய அவுத்து, பேப்பர நனைச்சு, கல்லுல ஒட்டி மை ஒத்தி எழுத்தப் படி எடுத்தாரு. நான் ஓரத்தப் புடிச்சுக்கிட்டேன். பேப்பர ஒட்டுறதுக்கு முன்னாடி கல்லத் தலையிலருந்து கால் வரைக்கும் ஒரு தடவ விரலால தடவிப் பாப்பாரு, அது அவரு வழக்கம். தடவுனாரு. நிமிந்து என்னையப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். அப்பறம் பேப்பர ஒட்டுனாரு.

வாங்க, இதான் கொட்டகை. குனிஞ்சு வாங்க, தகரம் தலையில இடிக்கும். கல்லு தலையில பட்டுத்துணி சுத்திருக்குல்ல, அது பரிவட்டம். கல்லு வெளிய வந்த மூணாவது நாளு மேடை போட்டு, மைக்கு வச்சு, பெரிய விழா எடுத்தாங்க. கல்லே எங்க பாட்டன்னு சொல்லி கல்லுக்கே பரிவட்டம் கட்டிட்டாங்க. கட்டுனது சாரு. சேர்மனத்தான் கூப்புட்டாங்க, இல்ல, நான் கட்டுறேன்னு சாருதான் முன்னாடி வந்தாரு. வருசா வருசம் புதுத்துணிய அது மேலயே சுத்துவாங்க, பழச அவுக்க மாட்டாங்க.

தண்ணி ஊத்துங்க, நான் பிரஷ்ஷு போடுறேன். இதெல்லாம் எனக்குக் கை வந்த வேலை மேடம். என் பட்டறையில இப்ப உளி வேலை கொறச்சல். கம்ப்யூட்டர்ல எழுத்து அடிச்சு, ஸ்டிக்கரு வெட்டி ஒட்டி, மெசினு வச்சு மணல அடிச்சா எழுத்து எறங்கிரும். ஆனா எந்தக் கல்லா இருந்தாலும் மொத ஒரு தட்டு உளியாலதான். மேல, நடுவுல, சின்னதா ஒரு பிள்ளையார் சுழி. எங்கப்பா பழக்கி விட்டது. அத நான் போடுறேன்னு சொல்றது கூடத் தப்பு, கை தானாப் போட்டுரும். ஒரு தடவ சாமியே இல்லேங்கிற கட்சிக்காரங்களுக்குக் கொடிக்கம்பத்துக் கல்லு செஞ்சேன். அதுலயும் போட்டுட்டேன். அடிக்க வந்துட்டாங்க. ஆவூர் பக்கம் மாதா கெபிக்கு, அந்தக் குகை மாதிரி கட்டுன கோயிலுக்கு, ஒரு கல்லு. அதுலயும் சுழி. அங்க கோயில் வேலை பாக்குற பெலிக்ஸு நல்ல மனுசன், பாத்துட்டு சிரிச்சுப்புட்டு, சரிய்யா, அதக் கீழ இழுத்து ஒரு லீலிப்பூவா ஆக்கி விட்டுருன்னாரு. இன்னைக்கும் போனா அந்தப் பூவப் பாக்கலாம்.

சாருகிட்ட அதச் சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானூறு கல்லு பாத்துருக்கோம் வெள்ளை, ஒரு பாண்டியன் கல்லு, ஒரு சோழன் கல்லு, எதுலயாச்சும் தலையில சுழி பாத்துருக்கியா? இந்தப் பழக்கமெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்ததுய்யா, நீ மட்டும் பாண்டியன் காலத்துல உளி புடிச்சிருந்தா ஒன்னையத்தான் மொதல்ல வேலையவிட்டு மாத்திருப்பான்னாரு. அப்படியெல்லாம் பேசிச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்ச மனுசன்தான்.

இருங்க. பேசாதீங்க. சிவபிரகாஷு கரைய விட்டு எறங்கிட்டான். கையில எளநி வச்சிருக்கான், உங்களுக்குக் குடுக்க வாரானாம். எளநி குடுக்க ஆளு இல்லையா அவங்ககிட்ட? நாம என்ன பேசுறோம்னு கேக்க வாரான். சரி, கல்லப் பாத்தே பேசுவோம். நான் கழுவிக்கிட்டே இருக்கேன், நீங்க பேப்பர நனைங்க.

வெரசா சொல்லிர்றேன். அந்தக் கல்ல வச்சு சாரு ஒரு கட்டுர எழுதி, அது புக்குல வந்துச்சு. அதக் காட்டி சேர்மன் கோயில்ல கேட்டாரு. பேசிப் பேசி, ஊரு ரெண்டாகி, போன வருசப் புரவியெடுப்புல மொதப் பரிவட்டத்த சேர்மன் தலையில கட்டிட்டாங்க. வீரய்யாவுக்கு ரெண்டாவது. அவரு வாங்கல. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அப்படியே நின்னாரு. நிலவழகன்தான் முன்னாடி வந்து, வெளி ஆளு ஒருத்தர வச்சு அந்தக் கல்லப் படிங்கன்னு சொன்னான். அதத் தவிர ஒரு வார்த்த கூடுதலாச் சொல்லல மேடம், நான் பக்கத்துல நின்னேன். குதுர தூக்குற கம்பு எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுன்னு இன்னைய வரைக்கும் யாரும் சொல்லல. அவனுக்கு வலது கண்ணு போயிருச்சு. எம்மெஸ்ஸி படிச்ச புள்ள. சாருகிட்டதான் ஆறாவதுலருந்து பத்தாவது வரைக்கும் படிச்சான்.

ஆஸ்பத்திரிக்கு சாரு பாக்கப் போனாரு, நாந்தான் வண்டியில கூட்டிக்கிட்டுப் போனேன். அந்தப் பய கட்டுப் போட்ட கண்ணோட, நீங்க படிச்சா சரியாத்தான் சார் இருக்கும், இருந்தாலும் எங்க வீட்டுப் பாட்டன் முங்குனதும் நெசந்தான சார்னு கேட்டான். சாரு எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு. அன்னைக்கு வீட்டுல வந்து உக்காந்தவருதான். எந்தக் கல்லையும் போயிப் பாக்கல. புதுக்கல்லு கெடச்சிருக்குன்னு ஆளு வந்தா, கதவத் தெறக்குறதில்ல. வாரத்துக்கு ஒரு தடவ நான் போயி எதுக்க உக்காந்துட்டு வாரேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கிறதில்ல.

அடுத்த வாரம் வெள்ளிக்கெழம புரவியெடுப்பு. எட்டு நாளு இருக்கு. நீங்க இந்தக் கல்லப் பத்தி என்ன எழுதுறீங்களோ, அதான் மொதப் பரிவட்டம் யாரு தலைக்குங்கிறது. இப்பவே ரெண்டு வண்டி போலீஸ் வந்து பள்ளிக்கூடத்துல தங்கிருக்காங்க. வீரய்யா வீட்டுல, இந்தத் தடவையும் ரெண்டாவதுன்னா ஊரவிட்டே போயிர்றதுன்னு பேசி வச்சிருக்காங்க. அழகியக்கா, அவரு சம்சாரம், பாத்திரத்தக் கூட மூட்ட கட்டிருச்சு.

அய்யய்ய, அங்க பாருங்க. மாட்டிக்கிட்டான். நான் சொன்னேன்ல, காஞ்ச மாதிரி இருக்கும்னு. திருச்சியில வளந்த பய, கண்மாயப் பத்தி என்ன தெரியும்? காலையில என்கிட்ட குறுக்கு வழி கேட்டான், அப்படி நேராப் போங்க தம்பின்னு சொல்லி வச்சேன். முழங்கால் வரைக்கும் போயிருச்சு. செருப்பத் தேடுறான் போல. எளநி மெதக்குது. அவன் ஏறி வர எப்படியும் பத்து நிமிசம் ஆகும். அதுபோதும் மேடம்.

பேப்பரு நனஞ்சிருச்சா? துணிக்குக் கீழருந்து ஒட்டப் போறீங்களா? மேல எழுத்து இல்லன்னு சாரு புக்குல எழுதிருக்காரு, ஆமா. வெறுங்கல்லுன்னுதான் போட்ருக்காரு. ஊரு கும்புடுற துணிய எதுக்கு அவுக்கணும்னு நெனக்கிறீங்க. உங்க நல்ல மனசு. கேஸ் போட்ட பொறகு உங்களுக்கு முன்னாடி வந்து படி எடுத்த ரெண்டு பேரும் அப்படித்தான் செஞ்சாங்க. அவுங்களுக்கும் எழுத்துல ஒரு கொறையும் தெரியல. தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் அசல் கல்லுலருந்து வந்தது.

செத்த நிறுத்துங்க மேடம். ஒட்டிட்டா அப்பறம் எடுக்க முடியாது, கிழிஞ்சுரும்.

நேத்து சாயங்காலம் சாரு ஆள விட்டுக் கூப்புட்டாரு. போனேன். ஒரு வருசத்துல மொதத் தடவையா வாயத் தெறந்து பேசுனாரு. நாளைக்கு ஒரு அம்மா படி எடுக்க வாராங்க வெள்ளை, நீ கூடப் போ. அவுங்க பேப்பர எங்கருந்து ஒட்டுறாங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு. அம்புட்டுத்தான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து என் மக இளமதிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சத்துணவு அமைப்பாளரா இருக்கு, அந்த வேலை சேர்மன் சொல்லித்தான் கெடச்சுச்சு. எதுக்குப் பதிலாக் கெடச்சுச்சுன்னு அதுக்கு அது வரைக்கும் தெரியாது. கேட்டு முடிச்சதும், நிலவழகன் கண்ணு வராது, மத்ததையாச்சும் பாருங்கப்பான்னு சொல்லிட்டுப் போயிப் படுத்துக்கிச்சு.

இந்தப் பரிவட்டத்துக்கு ஒரு மொறை இருக்கு. கட்டுன கைதான் அவுக்கணும்பாங்க. கட்டுனவரு வீட்டுல செவுத்தப் பாத்து உக்காந்துருக்காரு, அவரால முடியல. ஆனா கல்லச் செதுக்குனவன் அவுக்கக் கூடாதுன்னு எந்த மொறையிலயும் சொல்லல.

ஆமா மேடம். நாந்தான். உக்காருங்க, இந்தக் கட்டையில உக்காருங்க. சாரு எடுத்த படியெல்லாம் ஒரு செட்டு என் பட்டறைப் பரண்ல கெடந்துச்சு. அதுலருந்து எழுத்து எழுத்தா எடுத்து, வாக்கியம் சேர்மன் யாரையோ வச்சு எழுதிக் குடுத்தாரு, பழைய கல்லு ஒண்ணத் தேடிப் புடிச்சு செதுக்குனேன். எருக்குழியில ஒரு மழைக்காலம் போட்டு வச்சு, பொறகு இங்க கொண்டாந்து பொதச்சோம். ஒரு கொறையும் இல்லன்னுதான் நெனச்சேன். அன்னைக்கு ஊரு முன்னாடி சேத்தக் கழுவயிலதான் நானே பாக்குறேன்.

இருங்க, முடிச்சு எறுகிப் போச்சு. நாலு வருசத்துத் துணி. இந்தா, வந்துருச்சு. குனிஞ்சு பாருங்க. நடுவுல, சின்னதா. எப்ப போட்டேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது மேடம், கை போட்டுருக்கு. பிள்ளையார் சுழி.

சாரு வெரலு அன்னைக்கு இதுல வந்துதான் நின்னுச்சு. நின்னு, என்னைய நிமிந்து பாத்தாரு. யாரு கைன்னு அவருக்குத் தெரியாதா? இப்பக் கத்தப் போறாரு, இப்பக் கத்தப் போறாருன்னு நான் பேப்பரு ஓரத்தப் புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். கீழ செம்பராயன்னு எழுதிருக்கு. சுத்தி அம்புட்டுச் சனம். அவரு பேப்பர நாலு வெரக்கட கீழ எறக்கி ஒட்டுனாரு.

இந்த ஒண்ண வச்சு அவரு படிச்ச மத்த நானூறையும் தள்ளிறாதீங்க, அதெல்லாம் சத்தியம், பக்கத்துல நான் இருந்தேன். மத்தபடி எம்மேல என்ன எழுதணுமோ எழுதுங்க, அவரு மேல எழுத வேண்டியதையும் எழுதுங்க. அதுக்குத்தான் என்னைய அனுப்பிச்சிருக்காரு. அந்தா, சிவபிரகாஷு கால உருவிட்டான். பேப்பரு காயுது, எடுங்க மேடம். மேலருந்து ஒட்டுங்க, சுழியிலருந்து. நான் ஓரத்தப் புடிச்சுக்கிறேன். எங்கருந்து ஒட்டுனீங்கன்னு போயி சாருகிட்டச் சொல்லணும்.